டப்பாவுக்கு ஊர் தெரியாது

தூத்துக்குடிக்குப் போய்விட்டு மக்ரூன் இல்லாமல் திரும்பும் மனிதனை எங்கள் வீட்டில் மனிதனாக மதிப்பதில்லை. ஆகையால் சென்ற மாதம் என் தங்கை வீட்டுக்குப் போன மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். வாசற்படி இறங்கும்போது தங்கையின் கணவர் பின்னாலேயே வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார்.

"மச்சான், அப்படியே மருந்துக் கடையிலே இந்த டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க. வீட்டிலே இருக்கிறது நாளைக்கு மட்டும்தான் வரும்."

சீட்டில் இருந்தது குழந்தைகளுக்கான மாவுப் பாலின் பெயர். தங்கையின் மகள் பிரசவித்து ஆறு நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை.

"ஆறு நாளிலே இரண்டாவது டப்பாவா, மாப்பிள்ளை? தாய்ப்பால் இல்லையா?"

"இருக்கு. பத்தலை. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க. அதுவுமில்லாம, தாய்ப்பாலிலே என்னென்ன உண்டோ அத்தனையும் இப்ப இதிலேயும் சேர்த்துத்தான் வருது. டப்பாவிலேயே போட்டிருக்கான்."

அவர் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சடித்த காகிதத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. ஆகவே டப்பாவில் என்ன போட்டிருக்கிறான் என்பதை மருந்துக் கடையில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் படித்தேன். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தன்னைவிட நல்லது வேறு உண்டு என்று தானே நெற்றியில் எழுதிக்கொண்டு விற்பனைக்கு வரும் சரக்கு வேறு எது என்று எண்ணிப் பார்த்தேன். சிகரெட் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் கெடுதல் என்று சொல்கிறதே தவிர, வேறொன்றைச் சிபாரிசு செய்வதில்லை.

அன்று நான் மக்ரூன் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதனால் கிளம்பிய சண்டையில் நான் சொன்னவற்றையும், சொல்ல நினைத்து ஆத்திரத்தில் மறந்துபோனவற்றையும் இங்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை படிப்பார். படிக்கட்டும்.

முதலில் ஆஸ்பத்திரியில் நடந்தது. பெயர் வேண்டாம், தனியார் மருத்துவமனை ஒன்று. இரவு பதினொரு மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாய் மயக்கமும் வலியுமாகக் கிடந்தாள். குழந்தை அழுதது. "பால் இன்னும் ஊறலை" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் மாவைக் கரைத்துப் புகட்டினார்கள். வயிறு நிரம்பிய குழந்தை தூங்கிவிட்டது. தூங்கும் குழந்தை சப்பாது. குழந்தை சப்பாத மார்பில் பால் பெருகாது. கேட்பாரில்லாத கடையில் சரக்கு இறக்குவார்களா? ஆகவே மறுநாளும் பால் குறைவு, மறுபடியும் மாவு. மூன்றாம் நாள், "உங்களுக்குப் பால் பத்தாதும்மா" என்று தீர்ப்புச் சொல்லி, டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலைக் குறைத்தவர்களே பால் குறைவு என்றும் சொன்னார்கள்.

பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை கொள்வது ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வாக்கில்தான். அன்றைக்குச் சுரக்கும் சீம்பாலும் அவ்வளவுதான். அளவு பார்த்துத்தான் சுரக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பால் இல்லை என்பது, பந்தியில் முதலில் உப்பு வைத்தவனைப் பார்த்து இவ்வளவுதானா சாப்பாடு என்று எழுந்து போவது மாதிரி.

இது ஏதோ என் தங்கை வீட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. பெருமைதான். நூற்றுக்கு ஏறத்தாழ 45 குழந்தைகள் ஆபரேஷன் செய்து எடுக்கப்படுகின்றன. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் நூற்றுக்கு 55 பேர்தான்; இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 64. டாக்டர் பக்கத்திலேயே நிற்கும் மாகாணத்தில் தாய்ப்பால் குறைவாகவும், நிற்காத மாகாணங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதிகமாகவும் இருக்கிறது என்றால், என்ன அர்த்தம்?

"என்ன மச்சான் பெரிய அர்த்தம்? பால் ஒண்ணுதானே, எந்தப் பாத்திரத்திலே வந்தா என்ன?" என்றார் மாப்பிள்ளை.

அங்கேதான் தப்பு. ஒன்றல்ல.

பிறந்த குழந்தையின் கை விரல், கால் விரல்களை எண்ணிப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். குடலை யார் பார்க்கிறார்கள்? பிறக்கும்போது அது முடிந்த வேலையல்ல. பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகும் கொத்து வேலை பாக்கியிருக்கும் வீடு. குடலின் உட்சுவர் ஒரே ஒரு வரிசை உயிரணுக்களால் ஆனது. பிறந்த புதிதில் அந்த வரிசையின் இடுக்குகள் சரியாக மூடியிருக்காது. உள்ளே விடக் கூடாதவற்றையும் விட்டுவிடும். அந்த இடுக்குகளை மூடச் செய்யும் வளர்ச்சிப் பொருள்கள் சீம்பாலில் இருக்கின்றன. சுவரின்மேல் பூச்சுப்போல் நின்று நோய்க்கிருமிகளை மறிக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. உயிருள்ள வெள்ளையணுக்களே இருக்கின்றன. மாவுப் பாலில் புரதம் உண்டு, கொழுப்பு உண்டு, சர்க்கரை உண்டு, விட்டமின்கள் உண்டு. குழந்தையின் எடையை ஏற்ற அவை போதும். சூட்டில் உலர்த்தி டப்பாவில் அடைத்த மாவில் உயிருள்ள வெள்ளையணுக்கள் இருக்க நியாயமில்லை.

வேலை பாக்கியுள்ள குடலுக்குப் புட்டிப்பால் என்ன செய்யும் என்பதைக் குறைமாதக் குழந்தைகளிடம்தான் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். அவர்களுடைய குடலில் வேலை இன்னும் நிறையப் பாக்கி. 1990ஆம் வருஷம் இங்கிலாந்தில் லூக்காஸ், கோல் என்ற இருவர், குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோயைப் பற்றி எழுதினார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட மாவுப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு அந்த நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்திருந்தது. நிறைமாதக் குழந்தைக்கு அந்த நோய் அபூர்வம், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இரண்டு பாலும் குடலுக்கு ஒன்றல்ல என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இனி, என்னை மிகவும் வியக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. ஒன்றிரண்டல்ல, நூற்றைம்பதுக்கு மேல் வகைகள். லிட்டருக்குப் பத்துக் கிராம் வாக்கில் இருக்கும். ஏறக்குறையப் பாலிலுள்ள புரதத்தின் அளவு. பசும்பாலில் இவை மிகமிகக் கொஞ்சம். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சர்க்கரைகளைக் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாது! தின்ன முடியாத பண்டத்தை, தன் உடம்பை உருக்கி, ஒரு தாய் எதற்காகப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்? இயற்கை அவ்வளவு ஊதாரியா?

அந்தச் சர்க்கரை பிள்ளைக்கு அல்ல. பிள்ளையின் குடலில் குடியேறியிருக்கும் கிருமிகளுக்கு.

கிருமி என்றதும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். 1900ஆம் வருஷ வாக்கில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி டிஸ்ஸியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து, கவைக்கம்பு மாதிரி இரண்டாகக் கிளைத்த ஒரு கிருமியைக் கண்டார். பிஃபிடோ என்று அதன் குலத்துக்குப் பெயர். 1950களில் அமெரிக்காவில் பால் ஜியார்ஜி என்பவர், அந்தக் குலத்தை வளர்க்கும் பொருள் மனிதப் பாலில் இருப்பதைக் காட்டினார். 2008இல் அக்குலத்தில் குழந்தைக் குடலுக்கென்றே அமைந்த ஒரு வகையின் மரபணுக்களை முழுவதும் படித்துப் பார்த்தார்கள். தாய்ப்பாலின் சர்க்கரைகளைத் தின்பதற்கு வேண்டிய கருவிகள் அத்தனையும் அதனிடம் இருந்தன. பூட்டு ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம்.

அந்தக் கிருமி சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகிறது. புளிப்பேறிய குடலில் பேதிக் கிருமிகள் தலையெடுப்பது கஷ்டம். மோர்க் குடத்தில் வேறு எது வளரும்? அதோடு, குடலை ஒட்டியுள்ள நோய் எதிர்ப்புப் படைக்கு, எதை எதிர்ப்பது, எதைச் சும்மா விடுவது என்ற பாடமும் இந்த நாட்களில்தான் நடக்கிறது. மிஞ்சிய சர்க்கரைகளுக்கும் வேலை உண்டு. நோய்க்கிருமி குடலின் சுவரில் தொற்றிக்கொள்ள ஒரு பிடியைத் தேடும். சில சர்க்கரைகள் அதே பிடியின் வடிவத்தில் பாலில் மிதக்கின்றன. கிருமி அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் இந்தக் குலம் இந்த அளவுக்குக் கொடிகட்டிப் பறப்பதில்லை. பலவகைக் கிருமிகள் கலந்து, பெரியவர்களின் குடலைப்போல் சீக்கிரமே ஆகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பாரிஸ் போக வேண்டியதில்லை. தாய்ப்பால் குழந்தையின் துணிக்கும் புட்டிப்பால் குழந்தையின் துணிக்கும் வாடை வேறு என்பது பேரன் பேத்தி கண்ட எந்த ஆச்சிக்கும் தெரியும்.

இவ்வளவும் கேட்ட மாப்பிள்ளை டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "பாத்தீங்களா, நீங்க சொல்ற அந்தச் சர்க்கரையும் இதிலே சேர்த்திருக்கான்."

உண்மைதான். அந்த நூற்றைம்பதில் சிலவற்றை இப்போது தொழிற்சாலையில் உண்டாக்கி, சில விலையுயர்ந்த டப்பாக்களில் சேர்க்கிறார்கள். சேர்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கு மேலாக, ஒன்றுமே சேர்க்காமல் "தாய்ப்பாலுக்கு நிகர்" என்று விற்றவர்கள் யார்? ஒவ்வொரு தடவை டப்பாவில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதும், இதுவரை அது இல்லாமல் விற்றோம் என்றல்லவா அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்? ஒப்புதலையே விளம்பரமாக்கிவிடும் சாமர்த்தியத்தை வேறு வியாபாரத்தில் நான் கண்டதில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது முத்து விளைந்த ஊர். கொற்கைக் காலத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுத்த ஊர். கடைசி முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். பிறகு, 1973இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே ஊரில் சிப்பிக்குள் மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். மனிதனால் வைக்க முடிந்தது மணியைத்தான். அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக முத்தைப் படிய வைத்தது உயிருள்ள சிப்பிச் சதை. கண்ணாடி மணிக்குப் பளபளப்புப் பூசி விற்பவர்களும் உண்டு. பார்வைக்கு அழகாகவே இருக்கும். அதை முத்து என்று சொன்னால் தூத்துக்குடிக்காரர் ஒத்துக்கொள்வாரா? மாப்பிள்ளை இதற்குப் பதில் சொல்லவில்லை. மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் சர்க்கரையை எல்லாம் சேர்த்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றைம்பதையும் சேர்த்துவிட்டார்கள். அப்போதும் டப்பாவில் அடைக்க முடியாத ஒன்று இருக்கிறது. அது தூத்துக்குடி.

1961இல்தான் ஸ்வீடன் தேசத்து லார்ஸ் ஹான்சன் என்ற டாக்டர், தாய்ப்பாலிலுள்ள எதிர்ப்பொருள் இரத்தத்திலுள்ளதைப் போன்றதல்ல, தனி வகை என்று காட்டினார். பிறகு வந்த ஆராய்ச்சிகள் அதன் வழியைக் கண்டுபிடித்தன. தாய் உண்ணும் சோற்றோடும் குடிக்கும் தண்ணீரோடும் அந்த ஊரின் கிருமிகள் அவளுடைய குடலுக்குப் போகின்றன. அங்கே காவல் இருக்கும் அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டுகொண்டு, அங்கிருந்து புறப்பட்டு, மார்புக்கு வந்து சேருகின்றன. அந்தக் கிருமிகளுக்கென்றே எதிர்ப்பொருளை உண்டாக்கிப் பாலில் கலக்கின்றன. அதாவது, துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் தாயின் பாலில் அந்தச் சந்தின் கிருமிக்கு மருந்து இருக்கிறது. அவளே ஈரோட்டுக்குக் குடிபோனால் கொஞ்ச நாளில் ஈரோட்டுக் கிருமிக்கு மருந்து வந்துவிடும். ஐப்பசி மழையில் சாக்கடையும் குடிதண்ணீரும் கலந்தால், அதற்கும் பால் மாறும். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் எல்லா ஊருக்கும் ஒன்றாகச் செய்த மாவுக்கு இந்தச் சந்தை எப்படித் தெரியும்? தெரியாதது மட்டுமல்ல, அந்தச் சந்தின் தண்ணீரில்தானே அதைக் கரைக்க வேண்டும்!

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா தேசத்தில், எய்ட்ஸ் கிருமி தாயிடமிருந்து பாலின் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடக் கூடாதென்று சர்க்காரே நல்லெண்ணத்தோடு மாவுப் பாலை இலவசமாகக் கொடுத்தது. 2006ஆம் வருஷம் பெருமழை பெய்து தண்ணீர் கெட்டது. பேதி கண்டது. செத்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. நல்லெண்ணத்தோடு கொடுத்தபோதே இப்படி. இலாபத்துக்காகக் கொடுத்தால்?

அந்தக் கதையும் பழையதுதான். 1939இல் சிங்கப்பூரில் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு பிரசங்கம் செய்தார். தலைப்பு "பாலும் கொலையும்". சர்க்கரை போட்டுக் காய்ச்சிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று ஏழைத் தாய்மார்களிடம் விற்றதைக் கண்டு கொதித்துப் பேசினார். அந்தச் சாவுகளைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார். கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள், பெரிய மனிதர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். 1974இல் இங்கிலாந்தில் மறுபடியும் கூக்குரல் எழுந்தது. 1981இல் உலகச் சுகாதார சபையில், தாய்ப்பாலுக்கு மாற்றான பண்டங்களை விளம்பரம் செய்யக் கூடாதென்ற நெறிமுறைக்கு 118 தேசங்கள் ஆதரவாக வாக்களித்தன; எதிராக ஒன்றே ஒன்று, அமெரிக்கா. நம் நாட்டில் 1992இல் சட்டமே வந்தது; 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். மாவுப் பாலுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பரிசு, கமிஷன் கூடாது. டப்பாவின்மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது. தாய்ப்பாலைப்போல் ஆக்கியது என்ற பொருள்படும் சொற்கள்கூடக் கூடாது. டப்பா தன் நெற்றியில் தாய்ப்பாலைப் புகழ்ந்துகொண்டு நிற்பது ஞானோதயத்தினால் அல்ல, இந்தச் சட்டத்தினால்.

சட்டம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? அதற்கு நானே சாட்சி. 1980இல் என் மகன் பிறந்தான். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. என் கதாநாயகி கண்ணீர் விடும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், கன்னம் உப்பிய வெள்ளைக் குழந்தை ஒன்று வாரந்தோறும் சிரித்துக்கொண்டிருக்கும். மாவுப்பால் விளம்பரம். அப்படிப்பட்ட விளம்பரங்களின் பணத்தில்தான் எனக்குச் சன்மானம் வந்தது. வந்த சன்மானத்தில் நான் அந்த டப்பாவை வாங்கினேன். என் மனைவி, "எனக்குப் பால் நல்லாத்தான் இருக்கு" என்றாள். என் தாயார், "பிள்ளை மெலிஞ்சிருக்கானே" என்றாள். நான் நாகரிக மனிதன். எதிர்ப் பக்கத்துக் குழந்தையைப்போல் என் குழந்தையும் உப்ப வேண்டாமா? நாலு மாதத்தில் தாய்ப்பால் நின்றுபோயிற்று. அவள் அதைப் பற்றி என்னிடம் பின்னால் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை இவ்வளவு உரக்க எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

"உங்க மகன் இப்ப ஆறடி ஆளா நிக்கிறானே, மச்சான்! புட்டிப்பாலிலே வளர்ந்து கெட்டா போயிட்டான்?"

மாப்பிள்ளையின் கடைசிப் பாணம் இது. எல்லார் வீட்டிலும் இதுதான் கடைசிப் பாணம். புயலில் கரை சேர்ந்தவன், கட்டுமரம் போதும் என்று சாட்சி சொல்வான். சேராதவனை எங்கே போய்க் கேட்பது? என் மகனுக்குப் பத்து மாதத்தில் வந்த பேதியும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு இராத்திரியும் மாப்பிள்ளைக்குத் தெரியாது. அது புட்டியால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புட்டியால் வரவில்லை என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

டப்பாக்காரனை மட்டும் திட்டிவிட்டு நம் பழைய வழக்கங்களைத் தப்பவிடுவதும் நியாயமல்ல. சீம்பாலை "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னது எந்தக் கம்பெனி? பிறந்ததும் பெரியவர் ஒருவர் கையால் சேனை வைப்பது, சீனித் தண்ணீர், வீதியில் கூவி விற்கும் கழுதைப்பால், ஏப்பத்துக்கு உரைமருந்து. வேலை முடியாத குடலுக்குள் எதையாவது திணிப்பதை நாம் டப்பா வருவதற்கு முன்பே பழகியிருந்தோம். டப்பா அந்தப் பழக்கத்துக்குச் சீருடை மாட்டிவிட்டது. இத்தனைக்கும் இதே கரையில், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டும் காரல் குழம்பும் கொடுக்கிறார்கள். தாய்க்குச் சோறு போட்டால் பிள்ளைக்குப் பால் வரும் என்பதைத் தெரிந்துகொண்ட கரை இது. மற்றதையும் தெரிந்துகொள்ளக் கூடாதா?

இப்போது, தாய்ப்பாலின் பெருமையைப் பிரசங்கம் செய்பவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான்.

தங்கை வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னாள்:

"எய்யா, எம் மவளுக்குப் பாலு இல்லாமலா போச்சு? அளத்து வேலைக்குப் போறா. விடியுமுன்னே போனா மத்தியானம் தாண்டித்தான் வருவா. புள்ள பொறந்து நாப்பது நா கூட வீட்டுல இருக்க முடியல. நெஞ்சு கட்டிக்கிட்டு வலிக்கும். பாத்தி வரப்புல குத்தவச்சுப் பீச்சி விட்டுட்டு, மறுக்கா உப்பு வாருவா. இங்கன புள்ளைக்கு நான் கடப்பாலத் தண்ணி ஊத்திக் குடுப்பேன். வேற என்ன செய்ய?"

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு. தமிழ்நாட்டில் முதல் இடம் தூத்துக்குடி. நாம் இரசத்தில் போடும் உப்பை வாரிக் கொடுக்கிறவள் தன் பாலை வரப்பில் பீய்ச்சிவிட்டு வருகிறாள். இவளிடம் போய்ச் சர்க்கரையின் நூற்றைம்பது வகைகளைப் பற்றிப் பேசினால் அவள் நம் முகத்தில் துப்பாமல் இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

பிரசவ கால உதவிச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. 2017இல் அதைத் திருத்தி, சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்றார்கள். ஆறு மாதம்; தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் அதே ஆறு மாதம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. யாருக்கு? பதிவேட்டில் பெயர் உள்ளவளுக்கு. என் மருமகளுக்குக் கிடைத்தது. அவள் பாங்கியில் இருக்கிறாள். தினக்கூலி அளத்துக்காரிக்கு எந்தப் பதிவேடு, எந்த லீவு? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள திட்டத்தில் மாநில சர்க்கார் தவணை தவணையாகப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் அது ஆறு மாதக் கூலி ஆகாது. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அதுவும் நல்ல காரியம். நான் போன தடவை ஒரு நிலையத்தில் பார்த்த அறையில் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு தொட்டில், பார்த்துக்கொள்ள ஒரு ஆள், நடுவில் இரண்டு தடவை அரை மணி நேரம். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, பிறகு அவள் புட்டியைத் தூக்கினால் நாம் அவளைக் கேள்வி கேட்கலாம்.

பால் வராத தாய் உண்டு. தாயே இல்லாத குழந்தை உண்டு. மருந்து சாப்பிடுவதால் கொடுக்கக் கூடாத தாயும் உண்டு. அவர்களுக்கு மாவுப்பால் உயிர்ப் பிச்சை. அதை நான் மறுத்தால் என் வாய் புழுத்துப் போகட்டும். அவர்களுக்குங்கூட முதலில் கொடுக்க வேண்டியது இன்னொரு தாயின் பால். 1989இல் பம்பாய் ஸயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஆரம்பித்தார். நம் மாநிலத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிறகு வந்திருக்கிறது. மருந்து மருந்தாக இருக்கட்டும். மருந்தை மளிகைச் சாமானாக்கி, என் போன்ற கிழவன் கையில் மக்ரூனோடு வாங்கி வரச் சொல்லும் இடத்தில்தான் என் சண்டை.

அன்று மாலையே தங்கை, நகர்ப்புறச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் வாயை எப்படிப் பொருத்துவது, ஆபரேஷன் புண் வலிக்காமல் எப்படிப் படுத்துக் கொடுப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினாள். இரண்டு மணிக்கொரு தரம், இராத்திரியிலும், குழந்தையைச் சப்ப விடச் சொன்னாள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு என்றாள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போனால் பால் போதும் என்றாள். புட்டியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. வேளை வேளையாகக் குறைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் எடை பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் முதல் இராத்திரி இந்த ஒரு மணி நேரத்தை ஒருவரும் கொடுக்கவில்லை. டப்பாவைத் திறக்க அரை நிமிஷம் போதுமல்லவா?

மாப்பிள்ளை முறைப்படி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். கப்பல் சரக்குக் கணக்கு எழுதிய கை. தேதி, மணி, எத்தனை நிமிஷம் சப்பினாள், எத்தனை தடவை துணி நனைந்தது என்று கோடு கிழித்து எழுதிக்கொண்டு வந்தார். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த நோட்டை எனக்குக் காட்டினார். "நேத்து ஏழு, மச்சான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன வாரம் தங்கை டெலிபோனில் பேசினாள். பழைய டப்பாவில் இப்போது காரல் கருவாடு போட்டு வைத்திருக்கிறாளாம், காற்றுப் புகாமல் நன்றாக இருக்கிறதாம். அதில் மிச்சம் இருந்த மாவை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.